ஒரு லேப்டாப்பில் இரண்டு அடுப்பு

பைத்தன் என்ற கணினி மொழியைப் படிக்க ஆரம்பித்தபோது மொழிதான் கஷ்டமாக இருக்கும் என்று பயந்தேன். மொழி என்னை ஒன்றும் செய்யவில்லை. அது பாட்டுக்குச் சாதுவாகத்தான் இருந்தது. என்னைப் பாடாய்ப் படுத்தியவை அதன் சொந்தக்காரர்களான பேக்கேஜ்கள்.

தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். ஒரு புரோகிராமில் எல்லாவற்றையும் நாமே எழுத வேண்டியதில்லை. வரைபடம் போட, அட்டவணை படிக்க என்று யாரோ புண்ணியவான்கள் ஏற்கெனவே எழுதி இணையத்தில் வைத்திருக்கிறார்கள். அதற்குப் பேர்தான் பேக்கேஜ். ஒரு வரி தட்டினால் இறங்கி வரும். ஆனால் தனியாக வராது. எங்கள் தேயிலைத் தோட்டத்தில் ஒரு சடங்குக்கு அப்புத்தளை மாமாவைக் கூப்பிட்டால் அவர் தன் மச்சான் இல்லாமல் வரமாட்டார். மச்சான் தன் சம்பந்தியைக் கூட்டி வருவார். அந்தச் சம்பந்தியோ, தனக்கு ஆகாத ஒருவர் பந்தியில் இருந்தால் இலையை மடித்துவிட்டு எழுந்து போவார். பேக்கேஜ்களும் அப்படித்தான். ஒன்றைக் கூப்பிட்டால் ஒரு கூட்டமே வரும். அதில் இரண்டு பேருக்கு ஒத்துப்போகாது. ஒத்துப்போகாததற்குக் கடைசியில் ஏச்சு வாங்குவது கூப்பிட்ட நான்.

இந்த வம்பில் நான் இறங்கியதற்குக் காரணம் பதுளை டவுனில் இருந்த ஒரு சின்னக் கம்பெனி. பயிலுநர் வேலைக்கு ஆள் எடுத்தார்கள். நாமே எழுதிய இரண்டு புரோகிராம்களை நம்முடைய லேப்டாப்பில் கொண்டுபோய் அவர்கள் கண் முன்னால் ஓட்டிக் காட்ட வேண்டும். தேறினால் தினமும் வீட்டிலிருந்து பஸ்ஸில் போய் வரலாம். தேறாவிட்டால் கொழும்பு. மாமா அங்கே ஒரு புடவைக் கடையில் எனக்கு இடம் பேசி வைத்துவிட்டு, "ஞாயித்துக்கெழம வந்து கூட்டிட்டுப் போறேன், ரெடியா இரு" என்று சொல்லியிருந்தார். அப்பா ஏற்கெனவே கொழும்பில். அக்காவும் கொழும்பில். இரண்டு பேரையும் தீபாவளிக்குத்தான் பார்க்கிறோம். மாமா போகிற போக்கில் அலமாரிக்கு மேலிருந்த துணிப்பையை எனக்காக இறக்கி வைத்துவிட்டுப் போனார். அம்மா அதைத் திரும்பவும் மேலே ஏற்றிவிட்டார்.

நான் எழுதிய முதல் புரோகிராம் மழையைப் பற்றியது. மீரியபெத்தவில் மலை சரிந்து ஆட்களை மூடிய பிறகு எங்கள் பக்கத்தில் யாரும் மழையைச் சும்மா மழை என்று விடுவதில்லை. கோயிலுக்குப் பின்னால் ஒரு வெட்டிய சோடாப் போத்தலை வைத்து, அதில் தேங்கும் தண்ணீரை அளந்து தினமும் லேப்டாப்பில் பதிவேன். புரோகிராம் அதை வரைபடமாகப் போடும். தொடர்ந்து கொட்டி ஓர் அளவைத் தாண்டினால் திரை சிவப்பாகும். அதை அம்மாவிடம் பெருமையாகக் காட்டி, "செவப்பு வந்தா யோசிக்காதீங்க, பேசாம மேட்டு ஸ்கூலுக்குக் கெளம்பிருங்க" என்று சொல்லியும் வைத்திருந்தேன். வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் மற்றவர்களுக்கும் அம்மாவே சொல்லி வைத்தார். மகள் செய்த ஒரு காரியத்தைப் பற்றி அம்மா ஊரெல்லாம் பேசியது அதுதான் முதல் தடவை என்பதால் நானும் தடுக்கவில்லை.

இரண்டாவது, பஸ். பதுளை பஸ் நிலையத்துப் பலகையில் உள்ள நேரங்களை எல்லாம் படித்து, எங்கள் பக்கத்துக்கு அடுத்த பஸ் எது என்று சொல்லும். அந்த பஸ் அந்த நேரத்துக்கு வருமா என்பதை எந்தக் கணினி மொழியாலும் சொல்ல முடியாது.

பேக்கேஜ்களை இறக்க வீட்டில் சிக்னல் கிடையாது. லயத்துக்கு மேலே, தண்ணீர் டேங்கிக்குப் பக்கத்தில் ஒரு பாறை இருக்கிறது. அதில் ஏறி பசறை டவுன் பக்கம் பார்த்து உட்கார்ந்தால்தான் போனில் இரண்டு கோடு விழும். ஒரு கையில் குடை, மடியில் லேப்டாப், காலில் அட்டை. கொழுந்து பறித்துவிட்டுத் திரும்பும் பெண்கள் நின்று பார்த்துவிட்டுப் போவார்கள்.

"என்ன புள்ள, இன்னும் எறங்கலயா?"

"இல்லக்கா. பாதி எறங்கியிருக்கு."

"நேத்தும் பாதிதானே சொன்ன?"

பிரசவ வார்டு வாசலில் நிற்பவர்கள் மாதிரி அவர்கள் கவலைப்படுவதைப் பார்க்க எனக்கு எரிச்சல் எரிச்சலாக வரும். அந்த எரிச்சலோடு காலில் இருந்த அட்டையைப் பிடுங்கி எறிவேன். அதற்கும் ஒன்றும் ஆகாது.

இனி எங்கள் வீட்டு அடுப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் செய்த முட்டாள்தனம் அங்கேயிருந்துதான் வந்தது.

லயத்தில் எங்களுடையது கடைசி வீடு. படுக்க ஒரு காம்பரா, முன்னால் திண்ணை மாதிரி இஸ்தோப்பு, பின்னால் புகையேறிக் கறுத்த ஒரு குசினி. அம்மா, அண்ணன், அண்ணி, நான். அண்ணி கல்யாணமாகி வந்து ஒரு வருஷம்தான். நல்ல மனுஷி, நன்றாகச் சமைப்பார். ஆனால் அவர் கை தேங்காய்ப்பால் கை. அம்மாவின் கை மிளகாய்த்தூள் கை. ஒரே சட்டியில் இரண்டு கையும் விழுந்தால் என்ன ஆகும்? அண்ணி பால் ஊற்றி இறக்கிய பருப்பில் அம்மா யாரும் பார்க்காமல் தூள் போடுவார். அம்மா வைத்த கருவாட்டுக் குழம்பை அண்ணி யாரும் பார்க்காமல் பால் விட்டு இளக்குவார். எங்கள் வீட்டுக் குழம்பு பல மாதங்களாக இன்ன குழம்பு என்று சொல்ல முடியாத ஒன்றாக இருந்தது. அண்ணன் மட்டும் எதைப் போட்டாலும் தலையைக் குனிந்து சாப்பிட்டுவிட்டு வேலைக்கு ஓடிவிடுவான்.

கடைசியில் அண்ணி பொறுமையாகத்தான் கேட்டார்.

"அத்த, அந்த மூலையில நான் ஒரு அடுப்பு வச்சுக்கவா? ஒங்களுக்கும் தொந்தரவு இல்ல."

அம்மா அன்றைக்குச் சாப்பிடவில்லை.

லயத்தில் ஒரு வீட்டுக் கூரையிலிருந்து இரண்டு இடத்தில் புகை வந்தால் அது சாதாரண விஷயம் இல்லை. காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்களத்தில் பேர் கூப்பிடுவதற்கு முன்னாலேயே பேச்சு கிளம்பிவிடும்: "கடைசி வீட்டுல அடுப்பு பிரிஞ்சிருச்சாம்." அடுப்பு பிரிந்தால் குடும்பம் பிரிந்ததாகத்தான் கணக்கு. நான் முழுக்க அம்மா கட்சி. ஒரே வீட்டில் எதற்கு இரண்டு அடுப்பு என்று அண்ணி முகத்துக்கு நேராகவே கேட்டிருக்கிறேன்.

அந்தச் சூட்டோடு சூடாகத்தான் பைத்தன் பாடத்தின் ஒரு வீடியோவைப் பார்த்தேன். அதில் ஒருவர் சிரித்த முகத்தோடு சொல்கிறார்: நீங்கள் எழுதும் ஒவ்வொரு புரோகிராமுக்கும் தனியாக ஓர் இடம் அமைத்துக்கொள்ளுங்கள், அதற்கு வேண்டிய பேக்கேஜ்களை அந்த இடத்துக்குள் மட்டும் இறக்குங்கள், ஒன்றுடையதை இன்னொன்று தொடக் கூடாது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரே லேப்டாப்புக்குள் தனிக்குடித்தனமா? ஒரே பேக்கேஜை இங்கே ஒரு தடவை, அங்கே ஒரு தடவை இறக்க, சிக்னல் என்ன மலையிலிருந்து பீலியில் சும்மா கொட்டும் தண்ணீரா? ஒரே அம்மியில் நாலு வீட்டு மிளகாயை அரைத்தவர்கள் நாங்கள். அந்த ஆளுக்குக் கூட்டாக வாழத் தெரியவில்லை என்று முடிவு கட்டி வீடியோவைத் தள்ளிவிட்டேன். எல்லாப் பேக்கேஜையும் ஒரே இடத்தில் கொட்டி, மழையும் பஸ்ஸும் பொதுவாக எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டேன்.

கொஞ்ச நாள் ஒற்றுமையாகத்தான் இருந்தன. நேர்முகத் தேர்வுக்கு இரண்டு நாள் இருக்கும்போது பஸ் புரோகிராம் ஒரு பேக்கேஜின் புதிய பதிப்பு வேண்டும் என்று அடம்பிடித்தது. எண்களைக் கையாளும் பேக்கேஜ் அது. மற்ற எல்லாமே அதன் தலைமேல்தான் நிற்கும். நல்ல மழை. குடையைப் பிடித்துக்கொண்டு பாறையில் ஏறி அதைப் புதுப்பித்தேன். பஸ் உடனே ஓடியது. பழைய பதிப்போடுதான் ஒத்துப்போவேன் என்று மழை புரோகிராமின் வரைபடப் பேக்கேஜ் நடுவில் ஏதோ முணுமுணுத்ததை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

வீட்டுக்கு வந்து மழை புரோகிராமை ஓட்டினேன். கறுப்புத் திரை முழுக்கச் சிவப்பு எழுத்தில் பிழைகள் கொட்டின. நான் புரோகிராம் எழுதப் பாவித்த எடிட்டர் பிழைகளைச் சிவப்பில்தான் காட்டும். பக்கம் பக்கமாக ஆங்கிலம். இனி இதைச் சரிசெய்யாமல் பதுளைக்குப் போக முடியாது. கொஞ்சம் காற்று வாங்கினால் மூளை வேலை செய்யும் என்று லேப்டாப்பை இஸ்தோப்பு மேசையில் அப்படியே திறந்து வைத்துவிட்டு, போத்தல் தண்ணீரை அளக்கக் கோயில் பக்கம் போனேன்.

மழை என்பதால் அம்மா கொழுந்து பறிக்கும் மலையிலிருந்து நேரத்தோடு வந்துவிட்டார். வந்தவர் கண்ணில் முதலில் பட்டது லேப்டாப்.

நான் போத்தலைக் கவிழ்த்துவிட்டுத் திரும்பிப் பார்க்கிறேன், லயமே ஊர்வலமாக மேலே வந்துகொண்டிருக்கிறது. தலையில் மூட்டை, இடுப்பில் பிள்ளை. எங்கள் பக்கத்து வீட்டுச் சித்தி ஒரு கோழியை முந்தானைக்குள் கட்டிக்கொண்டு ஓடி வருகிறார். எனக்கு உயிரே போய்விட்டது. மலை இறங்குகிறது என்றுதான் நினைத்தேன். ஒரு கேள்வி கேட்காமல் யாரோ நீட்டிய அரிசி மூட்டையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு நானும் அவர்களுக்கு முன்னால் ஓடினேன். பாதி வழியில்தான் மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டேன்.

"சித்தி, யாரு சொன்னது?"

"வேற யாரு? ஒன் கம்ப்யூட்டருதான்."

அங்கேயே மண் சரிந்து என்னை மூடிவிட்டால் நல்லது என்று தோன்றியது.

பள்ளிக்கூடத்து மண்டபத்தில் எல்லாரும் மூட்டையை இறக்கிய பிறகு, அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லலாம் என்று பார்த்தேன். முடியவில்லை. எல்லாரும் என்னையே சுற்றி நின்றார்கள். ஏதோ நான்தான் காப்பாற்றிவிட்டேன் என்பது போல ஒரு வயதான பாட்டா என் தலையில் கைவைத்து ஆசீர்வாதம் வேறு செய்துவிட்டார். வேறு வழியில்லாமல் வாயைத் திறந்தேன்.

"மன்னிச்சுக்கங்க. மழை அந்த அளவுக்கு வரல. இப்பத்தான் அளந்துட்டு வாறேன். அது மழைக்கு வந்த செவப்பு இல்ல. பேக்கேஜுக்கு வந்த செவப்பு."

சித்தி கோழியைக் கீழே விட்டுவிட்டுக் கேட்டார்:

"செவப்புல என்னடி வக?"

நியாயமான கேள்வி. எந்த வீடியோவிலும் இதற்குப் பதில் இல்லை. நான் பேக்கேஜ், பதிப்பு என்று விளக்க ஆரம்பித்தேன். பாதியிலேயே அண்ணி என்னை மறித்தார். "விடு புள்ள. பொய்யிக்கு ஓடினதுதான் நல்லது. நெசத்துக்கு ஓடியிருந்தா இப்படி நின்னு பேசிக்கிட்டா இருப்போம்?" என்றார். அந்த ஒரு வார்த்தையில் கூட்டம் சிரித்துவிட்டது. சிரிக்காதவர் அம்மா ஒருவர்தான். ஊரெல்லாம் என்னைப் பற்றிப் பேசியவர், இப்போது கோழியையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

மழை விடவில்லை. வந்ததுதான் வந்தோம், சாப்பிட்டுவிட்டே இறங்குவோம் என்று முடிவாயிற்று. மண்டபத்துக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் ஆளுக்கு மூன்று கல்லை வைத்து அடுப்பு மூட்டினார்கள். அம்மாவும் ஒன்று மூட்டினார். நாலடி தள்ளி, ரொம்பச் சாதாரணமாக, அண்ணியும் தன் சட்டியை எடுத்து ஒன்று மூட்டினார். அம்மா சட்டென்று சுற்றிலும் பார்த்தார். கொட்டகை முழுக்கப் புகை. எந்தப் புகை எந்த வீட்டுடையது என்று யாரும் எண்ணிக்கொண்டிருக்கவில்லை. அம்மா திரும்பித் தன் பருப்பைக் கிண்டினார்.

அன்றைக்கு அம்மாவின் பருப்பையும் சாப்பிட்டேன், அண்ணியின் தேங்காய்ப்பால் சொதியையும் சாப்பிட்டேன். ஒரு வருஷத்தில் முதல் தடவையாகப் பருப்பு பருப்பாக இருந்தது, சொதி சொதியாக இருந்தது. கையில் சோற்றை வைத்துக்கொண்டே எனக்கு அந்த வீடியோக்காரரின் சிரித்த முகம் ஞாபகம் வந்தது. மனதுக்குள் ஏசினேன். ஆனால் இந்தத் தடவை என்னைத்தான் ஏசினேன்.

மறுநாள் முழுக்கப் பாறையில்தான். மழைக்கு ஓர் இடம் அமைத்து அதற்குள் அதற்குப் பிடித்த பழைய பதிப்பை இறக்கினேன். பஸ்ஸுக்கு வேறோர் இடம் அமைத்து, அதற்குள் புதியதை இறக்கினேன். ஒரே பேக்கேஜ்தான், இரண்டு தடவை. சிக்னல் அறுந்து அறுந்து வந்தது. கொழுந்து மூட்டையோடு போன பெண்கள் நின்றார்கள்.

"இன்னிக்கு என்ன செவப்பு புள்ள? ஓடுற செவப்பா, ஓடாத செவப்பா?"

"இன்னிக்குச் செவப்பே இல்லக்கா."

"நல்லாப் பாத்துச் சொல்லு. சோறு வடிக்கணும்."

நேர்முகத்தன்று பதுளை ஆபீஸில் என் முன்னால் உட்கார்ந்தவர் பண்டாரவளையிலிருந்து வரும் ஒரு மேடம். முக்காடு போட்டு, கண்ணாடி போட்டு, சிரிப்பே இல்லாத முகம். மழையை ஓட்டினேன், ஓடியது. பஸ்ஸை ஓட்டினேன், அதுவும் ஓடியது. சரி தப்பினோம் என்று நினைக்கும்போது அவர் என் லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பினார்.

"பஸ்ல இருக்கிற எல்லாப் பேக்கேஜையும் இப்பவே புதுசாக்குங்க. அப்புறம் மழையை ஓட்டிக் காட்டுங்க."

அந்த ஆபீஸின் இணையம், நான் காலில் அட்டை இருக்கிறதா என்று குனிந்து பார்த்து நிமிர்வதற்குள் எல்லாவற்றையும் இறக்கிவிட்டது. மழையை ஓட்டும் பொத்தானை அழுத்திவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன். அலமாரிக்கு மேலே இருக்கும் துணிப்பைதான் கண்ணுக்குள் வந்தது.

"கண்ணைத் திறங்க. ஓடுது" என்றார் மேடம். "புதுசாப் படிக்கிற பிள்ளைகள் எல்லாத்தையும் ஒரே இடத்துல போட்டு வச்சிருப்பாங்க. நீங்க ஏன் பிரிச்சு வச்சீங்க?"

வீடியோவில் சொன்னதைச் சொல்லியிருக்கலாம். எனக்கு வந்தது வேறு. குழம்பிலிருந்து ஆரம்பித்து, கோழி வரைக்கும் சொல்லிவிட்டேன். சிரிப்பே இல்லாத அந்த மேடம் கண்ணாடியைக் கழற்றி முக்காட்டின் ஓரத்தால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "திங்கக்கிழமை வாங்க. பஸ் லேட்டானாப் பரவாயில்ல, உங்க புரோகிராம் சொல்லுதுன்னு மட்டும் காரணம் சொல்லாதீங்க" என்றார்.

திரும்பி வரும் பஸ்ஸில் பசறை வளைவுகள் ஒவ்வொன்றிலும் எனக்குச் சத்தமாகச் சிரிக்க வேண்டும் போல இருந்தது. வீட்டுக்குள் நுழைந்தபோது அம்மா குசினியில் தனியாக உட்கார்ந்து அடுப்பை ஊதிக்கொண்டிருந்தார். அண்ணி பின்கட்டில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

"கெடச்சிருச்சும்மா."

அம்மா ஊதுவதை நிறுத்தினார். என்ன வேலை என்று கேட்கவில்லை. "அப்ப பொழுதுபட வீட்டுக்கு வந்துருவியா?" என்று கேட்டார்.

"தெனமும் வந்துருவேன்."

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தார். புகைக்குத் துடைத்ததாக வைத்துக்கொள்ளட்டும் என்று நானும் பார்க்காத மாதிரி நின்றேன். இதைவிட நல்ல நேரம் கிடைக்காது என்று பேச்சை எடுத்தேன்.

"அம்மா, அண்ணி அந்த மூலையில ஒரு அடுப்பு வச்சுக்கட்டுமே. நான் ரெண்டு அடுப்பு வச்சுத்தான் இந்த வேலையே வாங்கிட்டு வந்திருக்கேன். பிரிச்சு வச்சா ஒண்ணு மத்தத ஒடைக்காதும்மா. அவ்வளவுதான். யாரும் எங்கயும் போயிற மாட்டாங்க."

அம்மா விறகை உள்ளே தள்ளினார். பிறகு என்னைப் பார்க்காமலே கேட்டார்.

"அப்ப நீ எந்த அடுப்புல சாப்புடுவ?"

இவ்வளவு நாளும் நான் அம்மா கட்சி என்று பேர் வைத்துக்கொண்டு, அம்மாவுக்கு என்ன பயம் என்றே கேட்டதில்லை. இரண்டு புகை வந்தால் லயம் பேசும் என்பதெல்லாம் சும்மா. அந்த அடுப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து போய்விட்டார்கள். மிச்சம் இருந்தவளும் பையை எடுக்க இருந்தாள்.

"ரெண்டுலயும்தான்."

"மொதல்ல எதுல?"

"ஒங்க அடுப்புலதாம்மா."

அம்மா எழுந்து பின்கட்டு வாசலுக்குப் போனார். நின்ற இடத்திலிருந்தே அண்ணியைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார்:

"பீலிக்கரையில மூணு கல்லு கெடக்கு. நல்ல கல்லு. வேற யாரும் எடுக்கிறதுக்குள்ள போய் எடுத்துட்டு வா."